லும்மாவின் வயது

ஆயிரம் வருஷமாம். முப்பத்து மூணுதான்னு நான் வாயைத் திறந்தா இவன் மூஞ்சி எங்கே போய் ஒட்டிக்கும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த விரிப்பின் இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்து ஒரு உதறு உதறினாள். எதிர்ப்பக்கம் நின்ற அண்ணியும் அதே நொடியில் உதறினாள். ஈரத் துணி பட்டென்று ஒலித்து நிமிர்ந்தது. இருவரும் முனைகளை மாற்றிப் பிடித்துக் குறுக்காக இழுத்தார்கள், சுருக்கம் போயிற்று. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நாலு எட்டு. கையோடு கை சேர்ந்ததும் அண்ணி தன் முனைகளை அவளிடம் கொடுத்துவிட்டு, தரையைத் தொடப்போன நடுமடிப்பைக் குனிந்து எடுத்தாள். ஒரு விரிப்புக்கு இவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு.

பாய்லர் அறை வாசலில் அவளுடைய தம்பி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி ஸ்டோரில் குமாஸ்தா, குடியிருக்கும் லைன் வீடுகளின் சங்கத்துக்குச் செயலாளர். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது, அதனால் அதைத்தான் ஒழுங்காகப் பார்த்தான்.

"ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது மேடம். எங்க முன்னோருங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா இந்த வார்த்தையைத்தான் சொல்லிக்குவாங்க. லும்மா. இதுல வணக்கமும் இருக்கு, வாழ்த்தும் இருக்கு, நான் இருக்கேன் பயப்படாதேங்கிறதும் இருக்கு."

அவன் எதிரே ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டு நின்ற பெண்ணுக்கு லைன்களில் கேள்வியம்மா என்று பெயர். நில அலுவலகம் அனுப்பிய ஆராய்ச்சிக்காரி. மூன்று வாரமாக வருகிறாள். யார் வீட்டில் பெண் எடுப்பீர்கள், அப்பாவின் தங்கையை எப்படிக் கூப்பிடுவீர்கள், சாவு விழுந்தால் முதலில் யாருக்குச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு அறையாகக் கேட்டாள். சலவைக் கூடத்தின் ஆவியில் அவள் கண்ணாடி நிமிஷத்துக்கு ஒருமுறை வெளுத்துப்போகும். துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பாள்.

"அக்கா, இப்படி ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ" என்றான் தம்பி.

"கை வேலையா இருக்கு."

"மேடம் காத்துட்டிருக்காங்க."

"விரிப்பும் காத்துட்டிருக்கு. அதுல படுக்க ஆளும் காத்துட்டிருக்கு."

பிழியும் இயந்திரத்தருகே நின்ற பெண்கள் சிரித்தார்கள். அண்ணி அடுத்த விரிப்பின் முனைகளைத் தேடி எடுத்து அவள் பக்கம் வீசினாள். வீசும்போது வாய்க்குள் அந்த வார்த்தையைச் சொன்னாள். பழக்கத்தில் வருவது. சொன்னோம் என்றே அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி கட்டி முடித்த வருஷம் சலவைக்கு ஆள் சேர்க்க லாரிகள் நாலு திசைக்கும் போயின. வந்தவர்களுக்குக் கூடத்தின் பின்புறம் நாலு வரிசையாக அறுபத்து நான்கு அறைகள். அவளுடைய அப்பா மலைப்பக்கம், அம்மா கடற்பக்கம். ஒரு ரோடு போடும் வேலையில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு, இடுப்பில் ஒரு பையனோடு இங்கே வந்து இறங்கியவர்கள். கல்யாணமான புதிதில் அப்பா துடைப்பம் கேட்டால் அம்மா முறத்தை எடுத்துக் கொடுப்பாளாம். அவ்வளவு வித்தியாசமான பேச்சு. வந்த மறுமாதம் ஏழாம் நம்பர் அறையில் இவள் பிறந்தாள். லைன்களில் பிறந்த முதல் குழந்தை. அதனால் வீட்டில் இரண்டாவதாக இருந்தும் ஊருக்கு அவள் தலைச்சன் ஆனாள். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதிலும் அது மாறவில்லை.

அந்தப் பட்டம்தான் இப்போது வினை. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் வேண்டும், லைன்களை இடிக்கப்போகிறார்கள். இடிக்கக் கூடாதென்றால் ஒரே வழி இருப்பதாகத் தம்பி கண்டுபிடித்து வந்தான். தனிப் பேச்சும் தனி வம்சமும் உள்ள மக்கள் என்று நிரூபித்துவிட்டால் வெளியேற்ற முடியாது, அறைகளை அவர்கள் பேருக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். படிவத்தின் கடைசியில், அந்த இடத்திலேயே பிறந்த மூத்த நபரின் கையெழுத்து.

"உன் கையெழுத்துக்குத்தான்கா மதிப்பு. நீ எங்கேயும் இருந்து வரல" என்று அவன் சொன்னபோது அவளுக்கு உள்ளே கொஞ்சம் குளிரத்தான் செய்தது. அதை அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி ஒரு கிண்ணத்தில் பருப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கொண்டுவரும் பருப்பில் உப்பு தூக்கலாக இருக்கும். முப்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. தலைச்சனின் வீட்டுக்காரர், பாய்லர் பார்ப்பவர், தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

"தலைச்சன், நான் ஃபெயில்" என்றாள் அண்ணி.

"எதுல அண்ணி?"

"லும்மால."

"என்ன சொல்றீங்க?"

"சங்கத்துல இருந்து மூணு பேர் வந்துச்சு. நோட்டு வெச்சிருந்துச்சு. சொல்லுங்கன்னு சொல்லுச்சு. சொன்னேன். இன்னொரு தடவைன்னு கேட்டுச்சு. சொன்னேன். அப்புறம் ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட சொல்லுச்சு, அழுத்தம் சரியில்ல, வெளியாளுன்னு எழுதிக்கோ."

பாய்லர்காரருக்குப் புரை ஏறியது. சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. அண்ணி அவர் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். "உங்க மச்சான் இருந்தா இன்னும் சிரிக்கும்" என்றாள். மச்சான், அதாவது தலைச்சனின் அண்ணன், போய் எட்டு வருஷம். பிள்ளை குட்டி இல்லை.

தலைச்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளியாளுன்னா அறை?"

"ஒன்பதாம் நம்பர் பட்டியல்ல வராது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடணும்னு சொல்லுச்சு." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் இல்ல. ஏழு பேருக்கு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்? நான் எங்கிருந்தோ வந்தவ. அது பொய் இல்லையே." பிறகு பாய்லர்காரரைப் பார்த்து, "உப்பு எப்படி?" என்று கேட்டாள்.

"அழுத்தம் சரியில்ல" என்றார் அவர்.

அவர்கள் இருவரும் மறுபடி சிரித்ததை அவள் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லாரி ஓட்டப் போன அண்ணன் ஒரு தடவை வரும்போது பக்கத்து இருக்கையில் ஒரு பெண்ணோடு வந்தான். மூன்று பாஷைகளுக்கு அப்பாலிருந்து வந்தவள். தமிழில் ஒரு சொல் தெரியாது. மறுநாளே கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். மடிப்பில் ஜோடி சேர்ந்தது இருபத்தொரு வயது தலைச்சன். விரிப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சும்மா நின்றாள். "இழும்மா" என்றாள் இவள். அவள் விழித்தாள். "இழும்மா, இழு." கையால் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது, முகம் மலர்ந்தது. தானும் சொல்ல வேண்டும் என்று நினைத்து நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். முன்னெழுத்து விழுந்துபோயிற்று, நடுவெழுத்து வேறெதுவோ ஆயிற்று. லும்மா என்றாள்.

கூடமே சிரித்தது. சிரிக்க வைத்தவள் தலைச்சன். அந்தப் பெண்ணைப்போலவே கழுத்தை நீட்டி, கண்ணை அகலத் திறந்து, லும்மா, லும்மா என்று நாலு பேரிடம் நடித்துக் காட்டினாள். சாப்பாட்டு வேளைக்குள் எல்லா ஜோடிகளும் அதைச் சொல்லித்தான் இழுத்தார்கள். வந்தவளுக்கு அது கேலி என்று தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலை முதல் விரிப்பிலேயே, ஊருக்கே கேட்கும்படி லும்மா என்று கத்திவிட்டு, இழுத்த இழுப்பில் தலைச்சன் குப்புற வந்து ஈரத் துணிமேல் விழுந்தாள். அதற்கப்புறம் இருவரும் ஜோடி மாறவில்லை.

ஆயிரம் வருஷத்து வார்த்தை இப்படித்தான் பிறந்தது. என் கேலியில. இதை எந்தக் கட்டத்துல எழுதுவாங்க.

அதுவரை லைன்களில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று மலைப்பக்கத்தாருக்கு, ஒன்று கடற்பக்கத்தாருக்கு. யாரும் சட்டம் போடவில்லை. குடம் அந்தந்த வரிசைக்குத்தான் போகும். தவறிப் போனால் யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். மடிப்புக்காரிகளின் சொல் கூடத்தைத் தாண்டி, கூப்பிடவும் விடைபெறவும் குழந்தையைத் தூக்கவும் வழங்கி, ஊர்க் காதிலும் விழுந்தது. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் வேலை முடிந்து சந்தைக்குப் போக பஸ்ஸில் ஏறியவர்களைப் பார்த்துக் கண்டக்டர், "லும்மாக் கூட்டம் ஏறுது, ஜன்னலைத் திறந்துவிடுங்க" என்றான். பிளீச்சிங் நெடியும் ஊறிய கைகளுமாக நின்றவர்கள் தலை குனிந்தார்கள். மலைப்பக்கம், கடற்பக்கம் இரண்டும்தான். அண்ணி மட்டும் மணிக்கயிற்றைத் தானே இழுத்து, நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கீழே நின்று, "நாம நடக்கும்" என்றாள்.

இலக்கணம் தப்பு. ஆனால் இருபத்தாறு பேர் இறங்கினார்கள். அஞ்சு கிலோமீட்டர் நடந்தார்கள். அந்த வாரத்தில் எப்போதோ குழாயடியில் கனைப்பது நின்றுபோனது. பின்னால் பிறந்தவர்கள் அந்த வசைச்சொல்லைச் சுவரில் பெரிதாக எழுதினார்கள். முதலெழுத்தை அழுத்தி, கடைசியை இழுத்துச் சொல்லும் புது ராகமும் கண்டுபிடித்தார்கள். அந்த ராகம்தான் அண்ணிக்கு வரவில்லை.

மறுநாள் காலை மழை மிரட்டிக்கொண்டிருந்தது. காயப்போட்ட முற்றத்தில் எட்டுக் கயிறு விரிப்புகளையும் வாரி உள்ளே போட வேண்டும். தம்பியைப் பார்த்ததும் ஒரு குவியலை அவன் கையில் திணித்தாள். ஸ்டோர் குமாஸ்தாவின் இஸ்திரிச் சட்டை நனைந்தது.

"அண்ணியை வெளியாளுன்னு எழுதினியாமே."

"நான் எழுதலக்கா. குழு எழுதிச்சு. விதி அப்படி. வம்சம் கேட்கிறாங்க."

"லும்மா தெரிஞ்சவங்கதானே நம்மாளு?"

"சரியா சொல்லத் தெரிஞ்சவங்க."

"அதைக் கொண்டுவந்ததே அவங்கதான்டா."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் சொன்னாள், விரிப்பிலிருந்து கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, ஒன்றும் விடாமல். தான் நடித்துக் காட்டியதையும் சொன்னாள். அவனுக்கு அப்போது ஏழு வயது. பிறந்ததிலிருந்தே அந்த வார்த்தையைக் கேட்டதாகத்தான் அவன் நினைவு. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பியிருந்தான் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. குவியலின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, அம்மா திட்டிய நாட்களில் நிற்பதுபோல் நின்றான்.

"அப்பா சொல்லுவாரே" என்றான்.

"அப்பாவும் அண்ணிகிட்ட கத்துக்கிட்டதுதான்."

"அம்மா சாகும்போதுகூடச் சொன்னாங்க."

"ஆமா. அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டு."

முதல் துளிகள் விழுந்தன. இருவரும் ஓடிக் கூரைக்குள் புகுந்தார்கள். அவன் குவியலை இறக்கினான். சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"பழைய ஆளுங்களுக்கு. பாதிப் பேர் போயாச்சு. மீதிப் பேர் மறந்தாச்சு."

"அப்போ மறந்ததாவே இருக்கட்டும்கா." குரல் தழைந்திருந்தது. "அறுபத்து நாலு வீடு. ஒரு வார்த்தையைத் தவிர நம்மகிட்ட வேற என்ன இருக்கு? பூர்வீகம்னு காட்ட ஒரு கல்லு கிடையாது."

அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் இடம் கொடுத்தால் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்றும் தெரிந்தது.

கையெழுத்து நாளன்று இஸ்திரி அறையில் மேஜை போட்டார்கள். சுவரோரம் சங்கத்து ஆட்கள். கேள்வியம்மா கருவியை மேஜை நடுவில் வைத்தாள். அண்ணியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து, விரிப்பு அடுக்கிய அலமாரிப் பக்கம் நின்றுகொண்டாள். தம்பி காகிதத்தை எடுத்துப் படித்தான்.

"லைன்களில் பிறந்த முதல் நபராகிய நான் அறிவிப்பது. லும்மா என்னும் சொல் எம் முன்னோர் வழி வந்தது. எம் வம்சத்தில் பிறந்தோர் மட்டுமே அதை முறையாக உச்சரிப்பர். இணைப்பில் கண்ட ஏழு பேர் எம்மவர் அல்லர்." காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து மேலே வைத்தான். "இந்த இடத்துல."

அவள் பேனாவை எடுத்தாள். மேஜையின் சூடு முழங்கையில் பட்டது.

"மேடம், அண்ணி சொன்னதைத்தான் நாங்க எல்லாரும் திருப்பிச் சொல்றோம்" என்றாள். "இழும்மான்னு அவங்களுக்குச் சொல்ல வரல. அதான் லும்மா. முப்பத்து மூணு வருஷம் ஆச்சு."

சுவரோரம் ஒருவன், "தலைச்சனுக்கு என்ன ஆச்சு?" என்று முணுமுணுத்தான். இன்னொருத்தி, பாய்லர் சூட்டில் முடி நரைத்தவள், "நெசந்தான்" என்றாள் தரையைப் பார்த்து.

கேள்வியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். இந்த முறை ஆவி ஒன்றும் இல்லை. "உல் அப்படிங்கற ஒரு வேர்ச்சொல்லோட சேர்த்து நான் பதினெட்டுப் பக்கம் எழுதிட்டேன்" என்றாள்.

"நல்லா எழுதியிருப்பீங்க."

"என் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காதுக்கா. கூப்பிட்ட பேரே மனுஷங்களைச் சேர்த்திருக்கு. ஆனா இந்தப் படிவத்துல 'தொன்றுதொட்டு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணுதான்."

"அம்பத்தஞ்சு வருஷமா ஊரு ரத்தத்தையும் சீழையும் இங்கே தொவைச்சிருக்கோம். அது போதும், அறையைக் கொடுன்னு எழுதுங்க. இப்பவே போடுறேன்."

"அதுக்குக் கட்டம் இல்ல" என்றான் தம்பி.

"இல்லைன்னா ஒரு கட்டம் போட்டுக்க. நீதானே செயலாளர்."

அவன் குனிந்து கருவியின் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். கேள்வியம்மா தடுக்கவில்லை. "அக்கா, கேளு. அண்ணியைச் சேர்த்துடலாம். நம்ம அம்மா ஊர்ப்பக்கம்னு எழுதிக்கலாம். யாரும் தோண்டிப் பார்க்கப் போறதில்ல. ஏழு பேரை ஆறாக்கிடுறேன். என் பொறுப்பு."

எல்லாரும் அலமாரிப் பக்கம் திரும்பினார்கள்.

"என் அம்மாவுக்கு ஊர் இருந்துச்சு" என்றாள் அண்ணி. "வேற ஊர். அது எதுக்கு உங்க அம்மா ஊர் ஆகணும்?" பிறகு தலைச்சனைப் பார்த்து, சமையல் விஷயம்போல மெதுவாகச் சொன்னாள். "ஆனா நீ போடு. அறுபத்து நாலு வீடு இருக்கு. நான் ஒருத்தி. எங்கேயாவது இருந்துக்குவேன். வந்தவதானே, போகத் தெரியும்."

அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. தலைச்சன் காகிதத்தைப் பார்த்தாள். முதல் நபராகிய நான். அந்த வரி அவளுக்குப் பிடித்திருந்தது என்பது இப்போதும் உண்மை. எங்கேயும் இருந்து வராதவள். லாரியிலிருந்து இறங்கிய வயிற்றுக்குள் அவளும்தான் வந்து இறங்கினாள். ஒரு மாதம் முன்னால் பிறந்திருந்தால் அவளும் வந்தவள்தான். ஒரு மாதத்து வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஏழு பேரின் கதவைச் சாத்தச் சொல்கிறார்கள்.

"என்னக்கா யோசிக்கிற?" தம்பி காகிதத்தைத் தட்டினான். "நீ போடலைன்னா நாளைக்கு எல்லாருமே தெருவுல நிப்போம். உன்னால."

"நிப்போம். அறுபத்து நாலு வீடும் சேர்ந்து நிப்போம்."

"வீம்புக்குப் பேசாத."

"வீம்புதான்னு வெச்சுக்க."

"கையெழுத்து வேணாம், விடு. மேடம் கருவியைப் போடட்டும். நீ அந்த வார்த்தையை மட்டும் ஒரு தடவை சொல்லு. இங்கே பிறந்த முதல் ஆளோட குரல்னு பதிஞ்சா போதும், மிச்சத்தை நான் பார்த்துக்குறேன். ஒரே ஒரு தடவைக்கா. தினம் நானூறு தடவை சொல்றதுதானே."

கேள்வியம்மாவின் விரல் பொத்தானுக்கு அருகில் வந்து நின்றது. அழுத்தவில்லை. அறையில் இருந்தவர்கள் தலைச்சனின் வாயையே பார்த்தார்கள்.

அவள் காகிதத்தைத் துணி மடிப்பதுபோல் ஓரம் சேர்த்து இரண்டாக மடித்து, மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். எழுந்தாள். பேனாவுக்கு மூடி போட்டுத் தம்பியின் சட்டைப் பையில் செருகினாள். அவன் காலர் மடங்கியிருந்தது, அதைச் சரி செய்துவிட்டாள்.

"மாட்டேன்டா" என்றாள்.